ரெண்டும் கீது

உப்புமாவில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூட அவள் ஒதுக்கமாட்டாள். மிளகாயையும் சேர்த்தே மெல்லுவாள். கண்ணில் நீர் வரும்; துடைத்துக்கொண்டு, "போட்டவங்க எதுக்கோதான போட்டிருப்பாங்க" என்பாள். கல்லூரி கேன்டீனில் எல்லாருடைய தட்டின் ஓரத்திலும் ஒரு சின்னக் குவியல் சேர்ந்திருக்கும். அவள் தட்டு மட்டும் கழுவி வைத்ததுபோல் இருக்கும். அவளைப் பார்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது வேறு மாநிலத்தில், வேறு செடிகளோடு இருக்கிறாள். யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் எனக்கு அந்தத் தட்டுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில், ஒரே பேராசிரியரிடம், தாவரவியல் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள். நான் படப்பைக்காரி. அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா பூ கட்டுகிறவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மேடையில் பேச நின்றால் ஒரு சொல் பிசகக்கூடாது என்று முந்தின நாளே கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்துவிட்டு வருவேன்.

அவள் பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடி. ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் வீட்டை அரசு எடுத்துவிட்டு அங்கே குடிவைத்தபோது அவள் பள்ளிப் பிள்ளை. இடம் மாறியதே தவிர பேச்சு மாறவில்லை. கருத்தரங்கில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டும் 'இருக்கிறது' என்பதற்கு "கீது" என்பாள்.

"உன்னுது இஸ்திரி போட்ட தமிழ் மேடம்" என்று என்னைக் கிண்டல் செய்வாள். "பாத்து உக்காரு, கசங்கிடப் போவுது."

"உன்னோடது கொடியில காயற தமிழ்டி" என்பேன்.

"காத்தாடுதுல்ல" என்பாள்.

மாலையில் சில நாள் தாம்பரத்திலிருந்து ஒன்றாக ஷேர் ஆட்டோ ஏறுவோம். நான் மேடவாக்கத்தில் ஒரு பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ நிறைந்து கிளம்பும் நேரத்தில், தூரத்தில் யாராவது பையோடு ஓடி வருவது அவள் கண்ணில் பட்டுவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தரையில் ஊன்றிவிடுவாள்.

"அந்தக்கா வருது. நில்லு ணா."

"ஒரு ஆளுக்காக இத்தினி பேரு லேட்டாவணுமா?"

"இத்தினி பேருல நீதான் ணா பேஜார் பண்ற. இவங்கல்லாம் சும்மாதான் கீறாங்க."

யாரும் சும்மா இல்லை. எல்லாரும் அவளை முறைத்துக்கொண்டிருப்போம், நானும் சேர்த்து. அந்தக்கா வந்து ஏறி மூச்சு வாங்குவார். அவள் தன் இடத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில் தொற்றிக்கொண்டு வருவாள். நல்ல குணம் என்று சொல்லலாம். கூட இருப்பவர்களுக்கு அது களைப்பு. எதையும் விட்டுவிட்டு நகரத் தெரியாதவளோடு நடந்தால் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

எங்கள் ஆய்வு ஈச்சையைப் பற்றியது. சென்னைக்குத் தெற்கே பாறைக் குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் ஈச்சை இரண்டு விதமாக நிற்கிறது. இடுப்பளவுக்கு மேல் எழாமல் புதராகக் கிடந்து, கறுத்த சின்னப் பழம் தருவது சிற்றீச்சை. அடிமரம் எழுப்பி நிமிர்ந்து, மஞ்சளாகக் குலை தள்ளுவது பெரிய ஈச்சை. இரண்டுக்கும் முள் உண்டு. இரண்டுமே கையைக் கிழிக்கும்.

பூமியின் வடபகுதிகள் பனியில் உறைந்து கிடந்த பழைய காலங்களில் நம் பக்கம் மழை குறைந்தது. கடல் இன்றிருக்கும் கரையிலிருந்து வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பச்சையெல்லாம் தண்ணீர் தங்கும் பாறை இடுக்குகளுக்கும் பள்ளங்களுக்கும் ஒடுங்கியது. மழை திரும்பியபோது, ஒடுங்கியவை பரவின. பரவும்போது ஒன்றையொன்று சந்தித்தன. அந்த ஒடுங்கலும் சந்திப்பும் இன்றைக்கு நிற்கும் செடியின் மரபணுவில் தடம் விட்டிருக்கும். அந்தத் தடத்தைப் படிப்பதே எங்கள் வேலை.

முதல் களப்பணி ஊரப்பாக்கத்துக்கு மேற்கே, ஒரு பாறைக் குன்றின் அடிவாரத்தில். "சந்தேகமில்லாமத் தெரியறதா பாத்து எடுங்க. சின்னது தனி, பெரிசு தனி" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வெயில் ஏறுவதற்குள் என் பைகளை நிரப்பி, பெயர் எழுதி, வரிசையாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு ஈச்சை. சிற்றீச்சையின் இலை, ஆனால் முழங்கால் உயரத்துக்கு அடிமரம் எழும்பியிருந்தது. குலை மஞ்சளாகத் தொடங்கி நுனியில் கறுத்துக்கொண்டு வந்தது. சுற்றிலும் அதே சாயலில் இன்னும் நிறைய.

சார் பக்கத்தில் வந்து பார்த்தார். "ரெண்டுங்கெட்டான்மா இது. விட்டுடு. இதைச் சேர்த்தா எல்லாம் குழம்பும்."

"எது சார் கெட்டுச்சு?" என்று அவள் உட்கார்ந்தபடியே கேட்டாள். "இலை நல்லா கீது. குலை நல்லா கீது. ரெண்டும் கெடல சார். ரெண்டும் கீது."

சார் சிரித்துவிட்டார். அவள் இலையை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரமே ஆய்வகக் குளிர்ப்பெட்டியில், எங்கள் குப்பிகளுக்கு நடுவே, 'ஆர்.கே.' என்று எழுதிய குப்பிகள் வந்து நின்றன. ரெண்டும் கீது என்பதன் சுருக்கம். மாதாமாதம் அந்த வரிசை நீண்டது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த ஆர்.கே.? நிறைய வேலை பண்ணியிருக்காரே" என்று கேட்டார்.

"ரொம்ப வருசமா இங்கதான் சார் கீறாரு" என்றாள் அவள். "வயசாயிடுச்சு. வெளிய வரமாட்டாரு."

நான் சிரிப்பை அடக்க வராந்தாவுக்கு ஓடினேன்.

முதல் சுற்று மரபணு முடிவுகளைப் படமாக வரைந்தபோது சிரிப்பு நின்றது. திரையில் இடது பக்கம் ஒரு புள்ளிக் கூட்டம், சிற்றீச்சை. வலது பக்கம் ஒன்று, பெரிய ஈச்சை. இரண்டுக்கும் நடுவே மாவு கொட்டிய மாதிரி அவளுடைய ஆர்.கே. புள்ளிகள் சிதறிக் கிடந்தன. சார் அவற்றை மட்டும் மறைத்துவிட்டுக் காட்டினார்.

"இதை விட்டுட்டா உன் படம் எவ்வளவு சுத்தமா வருது பார்."

"சுத்தமா வரணும்னா தரையத் துடைக்கறேன் சார். இத்த எதுக்குத் துடைக்கணும்?"

சார் கோபக்காரர் இல்லை. அவர் காரணம் சொன்னார். அந்தக் காரணத்தில் நியாயமும் இருந்தது. "ஒரு குதிரையும் ஒரு கழுதையும் சேர்ந்தா கோவேறு கழுதை பிறக்கும். பிறந்து உழைக்கும், செத்துப்போகும். அதோட சரி. குட்டி போடாது. உன் செடியும் அப்படி இருந்தா அது ஒரு விபத்து, அவ்வளவுதான். அதுக்கு ஆய்வேட்டில இடம் கிடையாது. அதோட விதை முளைச்சுதுன்னா வா, பேசலாம்."

அவளுக்கு உதவித்தொகை முடியும் தறுவாய். அந்த நடுப்புள்ளிகளை எடுத்துவிட்டால் அந்த ஆண்டே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். நான் அதைத்தான் செய்யச் சொன்னேன். "முதல்ல பட்டத்தை வாங்குடி. அப்புறம் உன் ஆர்.கே.யைக் கட்டிக்கிட்டு அழு."

"வுட்டுட்டு வாங்கினா அது யாரு பட்டம்?" என்றாள். "சார் கேட்ட விதைய முளைக்க வச்சிக் காட்டறேன்."

விதை வேண்டுமென்றால் பழம் பழுக்க வேண்டும். அந்த ஈச்சைகள் நின்ற அடிவாரமோ பட்டா நிலம். ஒரு காலத்தில் அங்கே கேழ்வரகு விதைத்த குடும்பம். இப்போது மனை பிரித்து விற்கிறது. வைகாசியில் நாங்கள் போனபோது காய் இன்னும் பச்சையாகவே இருந்தது. ஆனால் கம்பி வேலிக்கு வெளியே 'மனைகள் விற்பனைக்கு' என்று பலகை நட்டிருந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் தகரக் கூரை போட்ட அலுவலகம். நிலத்துக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஈச்ச முள்ளுக்கா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?"

"குடுக்கறாங்க நைனா" என்றாள் இவள். முன்பின் தெரியாத மனிதரை நைனா என்கிறாளே என்று எனக்குத் திக்கென்றது. அவர் இளநீரைக் கீழே வைத்தார்.

"வேணும்னா நாலு செடி புடுங்கிக்கினு போ. தொட்டில வச்சுக்கோ."

"நாலு போதாது நைனா. எல்லாம் வேணும். நின்ன எடத்துலயே வேணும். பழுக்கற வரைக்கும்."

"அப்படி இன்னா கீது அதுல?"

அவள் அவருக்குக் குன்றைக் காட்டினாள். மழையே இல்லாத ஒரு காலம் வந்தது, கடல் அந்தப் பக்கம் ரொம்ப தூரம் போயிடுச்சு, செடிங்க எல்லாம் இந்தப் பாறைச் சந்துல வந்து ஒண்டிகினு உசுரக் காப்பாத்திக்கிச்சு, அப்புறம் மழை வந்ததும் எறங்கி வந்து, எறங்கின எடத்துல ஒண்ணோட ஒண்ணு கலந்துச்சு என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"எங்க தாத்தா காலத்துலயா?"

"உங்க தாத்தாவுக்கெல்லாம் மின்னாடி. இங்க பட்டாவே இல்லாத காலம்."

அவர் அதை ரசித்தார். ஆனாலும் தலையை ஆட்டினார். "ஆனி கடைசில பூமி பூஜை. நாள் குறிச்சாச்சு."

அங்கே எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆனி கடைசில பூஜை போடறீங்க. மறுநாளே ஆடி. மண்ணத் தோண்டுவீங்களா?"

அவர் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"தோண்டமாட்டீங்க. பூஜை போட்ட மனைய ஒரு மாசம் சும்மா போட்டு வைப்பீங்க. பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? இன்னாவோ வில்லங்கம் போல, அதான் வேலை நின்னுடுச்சுன்னு சொல்லுவாங்க. ஆடில மனை பாக்க ஒருத்தர் வருவாங்களா நைனா?"

"நீ இன்னா படிக்கற? ஜோசியமா?"

"செடிதான். ஆனா எங்க வூட்ல ஆடி மாசத்துல துடைப்பம்கூட புதுசு வாங்கமாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "கூட வந்த பொண்ணு ஒண்ணும் பேசமாட்டேங்குது?"

"அது பேசினா உங்களுக்குப் புரியாது. இஸ்திரித் தமிழ்" என்றாள்.

அவர் சிரித்து, இளநீரை எடுத்துக் குடித்து முடித்தார். "ஆவணி மொத முகூர்த்தம். அதுக்கு மேல ஒரு நாள் கேக்காத."

ஆனியிலும் ஆடியிலும் பழுக்கப் பழுக்கப் போய்ப் பறித்தோம். முள் குத்தாத விரல் எங்கள் இருவருக்கும் இல்லை. சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சேர்ப்பாள். "மொதல்ல தித்திக்குது, அப்புறம் துவர்க்குது. நாக்குக்கே தெரியுதுடி ரெண்டும்" என்பாள். எல்லாக் கொட்டையையும் ஊன்றினாள்; சூம்பிப்போனதைக்கூட. பால் பாக்கெட்டுகளில் மணல் நிரப்பி, ஏழாவது மாடியின் நடைவழியில் சுவரோரமாக வரிசை பிடித்து வைத்தாள். எதிர்வீட்டு அக்கா, "முள்ள வளக்கறதுக்கு ஒரு ரோசா வச்சாலும் தலைக்காவது ஆவும்" என்று சொல்லிக்கொண்டே தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார்.

அதே நாட்களில் நான் ஆய்வகத்தில் அவளுடைய குப்பிகளின் மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு இனங்கள் புதிதாகக் கலந்திருந்தால், பிள்ளையின் உடம்பில் தாயின் பங்கும் தகப்பனின் பங்கும் நீள நீளத் துண்டுகளாக இருக்கும். தலைமுறை ஏற ஏற அந்தத் துண்டுகள் உடைந்து சிறுத்துக்கொண்டே போகும். ஆர்.கே. செடிகளில் இருந்தவை பொடிப்பொடியான துண்டுகள். நேற்றைய விபத்து இல்லை. மிகப் பழைய சந்திப்பு. ஏதோ ஒரு பழைய மழைக்காலத்தில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக அவை தங்களுக்குள்ளேயே பெற்றுப் பெருகி வந்திருக்கின்றன. அதோடு முடியவில்லை. முதல் நாள் நான் சந்தேகமில்லாமல் எடுத்து அடுக்கிய பெரிய ஈச்சைகளிலும் சிற்றீச்சையின் துணுக்குகள் அங்கங்கே இருந்தன. ஈரம் விரும்பும் பெரிய ஈச்சை, இந்த மொட்டைப் பாறையில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கு அந்தத் துணுக்குகளில் பதில் இருக்கலாம். இருக்கிறது என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவளைப் போனில் அழைத்துச் சொன்னேன்.

"உன்னோட சுத்தமானதுலயுமா?"

"என்னோடதிலயும்தான்."

"சரி விடு மேடம். யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லத்தான்டி போறேன். முதல்ல சார்கிட்ட."

ஈச்சை மேலே வருவதற்கு முன் கீழே போகும். விதையிலிருந்து முதலில் ஒரு வெள்ளைக் குழல் மண்ணுக்குள் இறங்கும். அதன் பிறகுதான் இலை. ஆகையால் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு வெறும் மணல்தான் தெரியும். அவளுடைய அம்மா திட்டினாள், தம்பி கேலி செய்தான், நான் தினமும் கேட்டேன். அவள் ஒரு பாக்கெட்டைக்கூடக் கிளறிப் பார்க்கவில்லை. ஆவணி பிறந்த பிறகு ஒரு காலையில் பச்சை ஊசி ஒன்று மணலைக் குத்திக்கொண்டு நின்றது. வாரம் முடிவதற்குள் நடைவழி முழுக்க ஊசிகள்.

சார் பெரும்பாக்கத்துக்கு வந்தார். குனிந்து ஒவ்வொரு பாக்கெட்டாகப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, "தனி அத்தியாயமா எழுது" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்குத் தூங்கியிருப்பார்கள். அவள் மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு நிலத்துக்காரரிடம் போனாள். பூஜை முடிந்து, மஞ்சள் தடவிய செங்கல் குழிக்குள் இருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"பழம் பழுத்தாச்சா, பறிச்சாச்சா? அப்புறம் இன்னா?"

"விதை முளைச்சிடுச்சு நைனா. அது விபத்து இல்ல. இத்தினி காலமா இங்கயே பொறந்து இங்கயே வளந்த கூட்டம். இப்ப மட்டும் எடுத்துட்டா, எழுதி வச்சது நிக்கும், செடி நிக்காது."

அவர் மோவாயைத் தடவினார். மனை பிரித்தால் பூங்காவுக்கென்று ஓர் இடம் விட்டாக வேண்டும். "பாறை ஓரத்து மூலைய எப்படியும் எவனும் வாங்கமாட்டான். அத்த பூங்கான்னு காட்டிடறேன். அதுக்குள்ள இன்னா நிக்குதோ நிக்கட்டும். ஆனா அளவு அளவுதான். ஒரு அடி கூட வராது."

அளவெடுக்கிறவர் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டபோது நாங்கள் அங்கே இருந்தோம். ஜே.சி.பி. வந்து நின்றிருந்தது. நேர்க்கோட்டில் ஒரு சதுரம். உள்ளே நல்ல அடர்த்தியாக ஆர்.கே. புதர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் மட்டும் சதுரத்துக்கு வெளியே, பாதை வரப்போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு ஈச்சை தனியாக நின்றது.

ஈச்சையில் ஆண் வேறு, பெண் வேறு. காய்ப்பது பெண், மகரந்தம் தருவது ஆண். சதுரத்துக்குள் இருந்தவை எல்லாம் பெண். பூஜைக்கு இடம் சீர்செய்தபோது போனவை போக, அந்தக் கூட்டத்தில் மிச்சமிருந்த ஒரே ஆண் வெளியே நின்றது.

"பெண் இத்தனை பிழைக்குதே. போதும், வாடி" என்றேன்.

"பொண்ணுங்க மட்டும் நின்னா ஏரிக்கரையில கீற பெரிய ஈச்சை மகரந்தம்தான் வரும். நாலு தலைமுறையில இதுவும் பெரிய ஈச்சை. ஆர்.கே. எங்க?" என்று சொல்லிவிட்டு அளவெடுக்கிறவரிடம் போனாள். "கோட்ட அது வரைக்கும் நீட்டு ணா."

"அங்க நீட்டினா இங்க குறைக்கணும்மா. அளவு மாறக்கூடாது."

அவள் திரும்பிச் சதுரத்தைப் பார்த்தாள். எங்கே குறைத்தாலும் புதர்கள் போகும். நின்றுகொண்டே இருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. ஜே.சி.பி. டிரைவர் இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"சட்டிய குடு ணா. நானே போடறேன்."

சுண்ணாம்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாறையிலிருந்து நடந்தாள். கோடு வளைந்து வெளியே போய், அந்த ஆண் மரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. திரும்பும் வழியில், தெற்குப் பக்கம், காய்த்து ஓய்ந்த புதர்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் அவள் நடை ஒரு கணம் தேங்கும். பிறகு தூள் விழும். அளவெடுக்கிறவர் நாடாவைப் போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

"இன்னா இது, பாம்பு போன மாதிரி" என்றார் நிலத்துக்காரர். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். "யக்கா, கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாத்தையும் எடுத்துடலாமா?"

"எடுத்துடு ணா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முதல் புதர் வேரோடு புரண்டபோது நான்தான் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது அவள் ஆண் மரத்தின் பக்கத்தில், சுண்ணாம்புக் கோட்டின் மேல், இரண்டு காலையும் ஊன்றி நின்றிருந்தாள். இயந்திரம் மண்ணை வாரிக்கொண்டு அவளை நோக்கி வந்தது.

"ஓரமா போ யக்கா. தூசு."

"நீ வேலையப் பாரு ணா. கோடு எங்க கீதோ அங்கதான் நான் நிக்கறேன்."

அவர் கொஞ்சம் பார்த்தார். வாளியைத் தூக்கி, பின்னுக்கு எடுத்து, அவள் நின்ற வளைவைச் சுற்றிக்கொண்டு போனார்.